வீட்டு ஊசிகளைச் சேர்த்து அனுப்புவது எப்படி: சென்னைக் குடியிருப்புகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர், ஒவ்வொரு முறையும் புது சிரிஞ்ச் எடுத்தால், மாதம் 60 ஊசி கழிக்கிறார். இன்சுலின் பேனாவில் நான்கு வேளை போடுகிறவருக்கு 120. சுகர் பார்க்க விரலில் குத்தும் லான்செட் தனிக் கணக்கு. இவ்வளவும் பெரும்பாலான வீடுகளில் பால் கவருக்குள் சுருட்டப்பட்டு, காய்கறித் தோலோடு குப்பை வண்டிக்குப் போகிறது.

பெரம்பூர் பக்கம் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் 84 வீடு. மூன்று வருடமாக ஊசிகளைத் தனியாகச் சேர்த்து அனுப்புகிறோம். அப்புறம் அக்கம்பக்கத்தில் நான்கைந்து இடங்களில் இதைத் தொடங்க உதவப் போனேன். எல்லோரும் தடுக்கியது அநேகமாக ஒரே இடத்தில்தான்: பெட்டியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை அதிகம் இல்லை. பொறுப்பெடுக்க இரண்டு பேர் (ஒருவர் போதாது, ஊருக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும்), பூட்டுப் போடக்கூடிய ஒரு அலமாரி, நீளமான இடுக்கி ஒன்று, தடிமனான ரப்பர் கையுறை, ஒரு நோட்டு. செலவு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். நேரம்தான் செலவு.

1. பெட்டி கடைசியில் எங்கே போகும்? அதை முதலில் முடியுங்கள்

நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பக்கத்தில் சிவப்புப் பெட்டி வைத்தோம், போஸ்டர் ஒட்டினோம், எல்லோரும் பாராட்டினார்கள். ஆறே வாரத்தில் பெட்டி நிரம்பியது. வாங்கிக்கொள்கிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்த ஒரு கிளினிக், கொண்டுபோன அன்று கைவிரித்துவிட்டது. அவர்களிடம் கழிவு எடுக்க வரும் வண்டிக்காரர், வெளியாள் கழிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். அந்தப் பெட்டி இரண்டு மாதம் வாட்ச்மேன் அறையில், அவர் தலைமாட்டில் இருந்தது. வீடுவீடாகப் பிரிந்து கிடந்த ஆபத்தை ஒரே இடத்தில் குவித்ததைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

போய்ச்சேரும் இடத்துக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி மாநகராட்சி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்தன. அதே ஆண்டு வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் தெளிவானவை. வீட்டில் மருத்துவம் பார்க்கும்போது உண்டாகும் கழிவைத் தனிப் பையிலோ டப்பாவிலோ போட்டு உள்ளாட்சியின் குப்பை சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி, பொது மருத்துவக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தோடு ஏற்பாடு செய்து அதை எடுத்துச்செல்ல வைக்க வேண்டும். அதாவது, வார்டு அலுவலகத்தில் நீங்கள் போய்க் கேட்பது சலுகை இல்லை.

துப்புரவு ஆய்வாளரைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிழமை எடுப்பீர்கள்? வண்டியில் இதற்குத் தனி டப்பா இருக்கிறதா? இங்கிருந்து எங்கே போகும்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். தரம்பிரிக்கும் கூடத்துக்குப் போகும் என்று பதில் வந்தால், அங்கே பெட்டி திறக்கப்படுமா, திறக்காமலே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுமா என்று விடாமல் கேளுங்கள். கையால் பிரிக்கும் மேசையில் உங்கள் பெட்டி கொட்டப்படுமானால், தெருவில் குத்த இருந்ததை அங்கே குத்த வைத்தது மாதிரிதான். நேரில் பதில் கிடைக்காவிட்டால் 1913-இல் பதிவு செய்து, புகார் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை அந்த எண்ணோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது வழி, பக்கத்தில் இருக்கும் நர்சிங் ஹோம், கிளினிக் அல்லது ரத்தப் பரிசோதனைக் கூடம். இவர்கள் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். ஊசி, பிளேடு போன்ற கூர்மையான பொருள்கள் அங்கே துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் சேர்ந்து, பார்கோடு ஒட்டப்பட்டு வண்டி ஏறும். நிலையத்தில் நீராவியிலோ உலர் வெப்பத்திலோ கிருமி நீக்கி, அப்புறம் துண்டுதுண்டாக நறுக்குவார்கள். இந்த வழியில் டாக்டர் சரி என்றால் மட்டும் போதாது. அங்கே கழிவைக் கையாளும் நர்ஸோ ஆயாவோ சம்மதிக்க வேண்டும். கழிவு எடுக்கும் நிறுவனத்திடமும் அவர்களே கேட்டுச் சொல்ல வேண்டும். மூன்று சம்மதமும் கிடைத்த பிறகு லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். வண்டி வரும் கிழமையையும் கேட்டு வையுங்கள். அதற்கு முந்தின நாள் நீங்கள் கொண்டுபோனால் அவர்களுடைய சின்ன அறையில் உங்கள் பெட்டி இடத்தை அடைக்காது, உறவும் கெடாது.

இந்த இரண்டில் ஒன்று எழுத்தில் கிடைக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எங்களுக்கு இது முடிய இரண்டு மாதம் ஆனது.

2. குப்பை எடுக்கிறவரிடம் பேசுங்கள்

இதை யாருமே செய்வதில்லை. சங்கக் கூட்டம் போட்டு, குடியிருப்பவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரிடம் கேட்டபோது கையுறையைக் கழற்றிக் காட்டினார். ஆள்காட்டி விரல் நுனியில் மூன்று பொத்தல், அதில் ஒன்றில் செல்லோடேப் சுற்றியிருந்தது. “தொட்டியில கைய உட்டா குத்தும்னு நினைக்கிறீங்க சார். அப்ப இல்ல. கவர அமுக்கிக் கட்டும்போதுதான் உள்ள இருந்து வரும்” என்றார். ஊசியைப் பால் கவரில் எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்லிய பிளாஸ்டிக்கை அமுக்கினால் ஊசி வெளியே வரத்தான் செய்யும்.

எந்த பிளாக், எந்த மாடியிலிருந்து ஊசி வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், யார் வீடு என்று துருவ வேண்டாம். ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகத் தொற்றும் மஞ்சள்காமாலைக் கிருமி) தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. போடவில்லை என்றால் அந்தச் செலவைச் சங்கம் ஏற்பது இந்தத் திட்டத்தின் முதல் செலவாக இருக்கட்டும். உங்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.

3. கணக்கு எடுங்கள், பெயர் எடுக்காதீர்கள்

எத்தனை ஊசி வரும் என்று தெரியாமல் பெட்டி அளவையும், எத்தனை நாளுக்கு ஒரு முறை அனுப்புவது என்பதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் “உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வியாதி” என்ற தொனியில் ஒரு படிவம் போனால் திட்டம் அங்கேயே முடிந்தது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் சுகர் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

துண்டுச்சீட்டில் ஒரே கேள்வி போதும்: மாதம் சுமாராக எத்தனை ஊசி? பெயர் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்தால் போடுவார்கள். வருகிற எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது, ஏனென்றால் லான்செட்டை யாரும் ஊசி என்று நினைப்பதே இல்லை. கருத்தரிப்பு சிகிச்சைக்கு ஹார்மோன் ஊசி போடுகிறவர்கள், அறுவைசிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போடுகிறவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடும் நர்ஸ் விட்டுப் போவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

4. வீட்டு டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

மருத்துவமனைக்கு விற்கும் பெட்டியை ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்க வேண்டியதில்லை. துணி துவைக்கும் திரவம், பினாயில், இன்ஜின் ஆயில் வரும் கெட்டியான கேனே போதும். பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது கெட்டியான ரகம். 1 என்று இருந்தால் அது தண்ணீர் பாட்டில் ரகம், வேண்டாம். சந்தேகமா? கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம்.

கண்ணாடி பாட்டில் கூடாது, கீழே விழுந்தால் உடைந்த கண்ணாடியும் ஊசியும் சேர்ந்து வரும். ஹார்லிக்ஸ் மாதிரி அகலவாய் டப்பாவும் கூடாது, பேரப்பிள்ளை கை உள்ளே போகும். திருகு மூடி இருக்க வேண்டும். வாய், சிரிஞ்ச் நுழையும் அளவு இருந்தால் போதும்.

மேலே காகிதம் ஒட்டி, மார்க்கரில் “ஊசி. திறக்காதீர்கள்” என்று எழுதுங்கள். கூடவே ஊசிப் படம் ஒன்று வரையுங்கள். இன்று சென்னைக் குடியிருப்புகளில் வாட்ச்மேனும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் பலர் ஒடிசா, அசாம், பீகார் பக்கத்தவர்கள், தமிழ் எழுத்து மட்டும் இருந்தால் அவர்களுக்கு அது இன்னொரு பினாயில் பாட்டில்தான். ஒரு தடவை அப்படி ஒன்றை ஒருவர் காயலான் கடைக்குப் போடவே எடுத்து வைத்துவிட்டார். நல்லவேளை, குலுக்கிப் பார்த்தார்.

5. வீட்டில் போடும் முறை

டப்பாவை ஊசி போடும் இடத்திலேயே வையுங்கள். சமையலறையில் ஊசி போட்டு, டப்பா பாத்ரூமில் இருந்தால், நடுவில் மேசைமேல் வைக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் குத்து விழும்.

சிரிஞ்சுக்கு மூடி திரும்பப் போடாதீர்கள், வளைக்காதீர்கள், ஒடிக்காதீர்கள். ஊசி முனை கீழே இருக்க, அப்படியே போட்டுவிடுங்கள். மூடி போடும்போது ஒரு கை மூடியைப் பிடித்திருக்கும். குறி தவறினால் குத்துவது அந்தக் கையைத்தான். ஒடிப்பவர்கள் “வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதே” என்று நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். டப்பா மூடியிருந்தால் அந்தக் கவலையே இல்லை.

பேனா ஊசிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அதைத் திருகிக் கழற்ற வெளி மூடி தேவை. மூடியை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, பேனாவை ஒரே கையால் இறக்கி மாட்டி, அப்புறம் திருகுங்கள். கழற்றாமல் பேனாவிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு. அப்படி விட்டால் மருந்து கசியும், காற்றுக் குமிழி சேரும், அடுத்த வேளை அளவு தப்பும்.

டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். கழுத்து வரை நிரப்புபவர்கள் கடைசி ஊசிகளை விரலால் அமுக்குவார்கள். அக்கா சொன்ன அதே கதைதான்.

ரத்தம் பட்ட பஞ்சு, சுகர் ஸ்ட்ரிப், மருந்துக் குப்பி, காலாவதி மாத்திரை இதற்குள் வேண்டாம். அவை இடத்தை அடைத்து டப்பாவைச் சீக்கிரம் நிரப்பும், போக வேண்டிய வழியும் வேறு. சுகர் பார்க்கக் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதை ஒட்டப் பயன்படும் கருவிக்குள் ஊசி இருக்கிறது. பெரிதாக இருப்பதால் டப்பாவில் நுழையாது. அதன் மூடியை மாட்டி, சேகரிப்பு நாளன்று தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

6. குத்திவிட்டால் என்ன என்று முன்னாலேயே எழுதி ஒட்டுங்கள்

சேகரிப்பு தொடங்கும் முன்பு இந்தத் தாள் சுவரில் இருக்க வேண்டும், ஏனென்றால் குத்திய பிறகு யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.

குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங், டெட்டால் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், “நாளைக்குப் பார்க்கலாம்” கிடையாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது சிறந்தது. 72 மணி நேரம் தாண்டினால் தருவதில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறது. உங்களுக்கு எது பக்கமோ அதன் பெயரைத் தாளில் எழுதுங்கள்.

பயத்தை அதன் அளவில் வைக்கவும் ஒரு கணக்கு சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் அது 6 முதல் 30 சதவீதம் வரை. எல்லோரும் எச்.ஐ.வி.யைப் பற்றியே கேட்பார்கள். அதிகம் பயப்பட வேண்டியது மஞ்சள்காமாலைக் கிருமிக்குத்தான், அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

7. திறந்த பெட்டி வேண்டாம், வாங்கும் நாள் வையுங்கள்

எந்நேரமும் போடலாம் என்று லாபியில் பெட்டி வைப்பது வசதிதான். ஆனால் அதில் டயபர், பேட்டரி, ஸ்விக்கி டப்பா எல்லாம் விழும்; ஊசி கலந்த அந்தக் குவியலைப் பிரிக்க யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. என் பரிந்துரை, மாதம் ஒரு நாள், அரை மணி நேரம். எங்களுக்கு இரண்டாவது ஞாயிறு காலை 8 முதல் 8.30.

எல்லா வீட்டு டப்பாவும் சேரும் பெரிய பெட்டியை மேசைமேல் வையுங்கள். கொண்டுவருகிறவரே தன் டப்பாவைத் தன் கையால் உள்ளே வைக்க வேண்டும், நீங்கள் வாங்காதீர்கள். டப்பாவைத் திறந்து கொட்டவே கூடாது, டப்பாவோடுதான் போக வேண்டும். காலி டப்பாவைத் திருப்பிக் கேட்பவர்கள் வருவார்கள். “நல்ல டப்பாப்பா, தூக்கிப் போடணுமா?” என்று ஒரு மாமி மாதாமாதம் கேட்பார். எங்கள் கைவசம் கழுவிய பினாயில் கேன்கள் சில எப்போதும் இருக்கும், மாற்றாக ஒன்றைக் கொடுத்துவிடுவோம்.

கவரில் கொண்டுவருபவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் பழையபடி குப்பைக்குப் போகும். காலி கேனைத் தரையில் வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக அவரையே போடச் சொல்லுங்கள். கேனைக் கையில் பிடிக்கவே கூடாது. தெருவிலோ மொட்டைமாடியிலோ ஊசி கிடந்தாலும் இதே முறைதான்: கேனை ஊசி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், ஊசியைத் தூக்கிக்கொண்டு கேனைத் தேடாதீர்கள்.

அடுத்த அனுப்பும் நாள்வரை பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அலமாரி தரைத்தளத்தில் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர். அன்று மிதந்த சாமான்களில் ஊசிப் பெட்டியும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. இப்போது முதல் மாடி மீட்டர் அறையில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாதிதான் நிரம்பியிருந்தாலும் மாதம் தவறாமல் அனுப்பிவிடுகிறோம்.

8. ஒப்படைப்பும் நோட்டும்

தேதி, எத்தனை டப்பா, எடை, கொடுத்தவர், வாங்கியவர் கையெழுத்து. இவ்வளவுதான். சமையலறைத் தராசு வேண்டாம், இதற்கென்று ஒரு கொக்கித் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக் தன் கணக்கில் எடையைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் இது அவர்களுக்கும் உதவும். கொண்டுபோகும்போது பெட்டி ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

9. மூன்றாம் மாதம் வரும் சிக்கல்கள்

முதல் மாதம் நிறைய வரும், பழைய சேமிப்பெல்லாம் வெளியேறும். மூன்றாம் மாதம் பாதியாகக் குறையும். திட்டம் தோற்றுவிட்டது என்று அப்போது சிலர் விட்டுவிடுகிறார்கள். பழையது தீர்ந்து மாதாந்தர அளவு மட்டும் வருவதாகவும் இருக்கலாம், மறந்ததாகவும் இருக்கலாம். எது என்று தூய்மைப் பணியாளரிடம் கேளுங்கள். குப்பையில் ஊசி வருகிறதா இல்லையா என்று சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

பக்கத்து மருந்துக் கடைக்காரரோ, தனியாக நடத்தும் டாக்டரோ தங்கள் ஊசியையும் உங்கள் பெட்டியில் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். கிளினிக்குக்குச் சட்டப்படி தனி ஏற்பாடு கட்டாயம். வீட்டு ஊசியோடு அது கலந்தால் உங்களுக்குச் சம்மதம் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

வாட்ஸ்அப் குழுவில் யார் எத்தனை டப்பா கொடுத்தார்கள் என்று படம் போடாதீர்கள். எங்களில் ஒருவர் ஆர்வத்தில் போட்டார். அந்தப் படத்தில் இருந்த வீட்டிலிருந்து நான்கு மாதம் டப்பா வரவில்லை.

10. மொத்தமாக வரும் பை

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நோயாளி இறந்துபோன வீட்டிலிருந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து அறையைக் காலி செய்யும்போது, ஒரு பெரிய துணிக்கடைப் பை வரும். பிரிக்காத ஊசிப் பெட்டிகள், பாதி இன்சுலின், பயன்படுத்திய சிரிஞ்ச், சுகர் மிஷின் எல்லாம் ஒன்றாக. சேகரிப்பு நாள்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள், எந்த நாளானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே அலமாரியில் தள்ளாதீர்கள்.

அவர்கள் போன பிறகு, கையுறை போட்டு, வெளிச்சமான இடத்தில் பழைய பேப்பர் விரித்து, இடுக்கியால் பிரியுங்கள். பையை அப்படியே தலைகீழாகக் கொட்டாதீர்கள், உள்ளேயும் கை விடாதீர்கள். வாயை அகலத் திறந்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். சீல் உடையாத, தேதி கடக்காத ஊசிகளைத் தேவைப்படும் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம், குடும்பத்தார் சம்மதித்தால். இன்சுலினை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது ஃபிரிட்ஜில் இருந்ததா, எத்தனை நாள் மேசைமேல் இருந்தது என்று நமக்குத் தெரியாது. மறுநாள் காலிப் பையை மடித்து வீட்டு வாசலில் கொடுத்தால் சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் “நீங்களே வச்சுக்குங்க” என்பார்கள்.